வெடிச்சுருட்டு

எங்கள் சுரங்கக் கூலி லைனில் சுருட்டு குடிக்காத ஆண்பிள்ளை ஒருவரைக் காட்டு என்றால் எல்லோரும் என் மச்சானைத்தான் காட்டுவார்கள். என் மனைவியின் அண்ணன் அவர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். சம்மட்டியைத் தூக்கினால் பக்கத்தில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் யாராவது அருகில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்ற வைத்துவிட்டால் போதும், மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார். எங்கள் கல்யாணத்தில் மரியாதைக்கென்று என் தகப்பனார் வெற்றிலைத் தட்டில் சுருட்டும் வைத்து நீட்டினார். மறுத்தால் சம்பந்தி மனம் கோணுமே என்று ஒரே ஒரு இழுப்பு இழுத்தவர், பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவரைச் சீண்ட எனக்கு வேறு பேச்சே தேவைப்படவில்லை.

"நம்ம லைன்ல கெழவிங்க கூட நெருப்பு முனைய வாய்க்குள்ள வெச்சிக்கினு குடிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் இன்னா மச்சான்?"

"அந்தக் கெழவிங்கள்ல ஒண்ணயே நீ கட்டியிருக்கலாம் மாப்ள. என் தங்கச்சியாவது பொழைச்சிருப்பா."

நான் அவருக்கு நேர்மாறு. கண் விழிக்கும் முன்பே கை இடுப்பு மடிப்பைத் தடவும். அங்கே சுருட்டு இருந்தால்தான் கண் திறக்கும். வட ஆற்காட்டில் மழை பொய்த்து, நிலத்தையும் நாற்றையும் விட்டுவிட்டுத் தங்கவயல் சுரங்கத்துக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். வந்த புதிதில் சோறு இல்லாமல் படுத்த நாட்கள் உண்டு, சுருட்டு இல்லாமல் படுத்த நாள் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் செவிட்டில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சுரங்கத்துக்குள் கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட் ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். தங்கவயலுக்குக் கரண்டு வருவதற்கு முந்தின காலம். மெழுகுவத்தியைக் களிமண்ணில் ஒட்டித் தொப்பியில் வைத்துக்கொண்டு இறங்குவோம். அந்த ஷாஃப்டை இன்னும் ஆழப்படுத்திக்கொண்டே போனார்கள். பகலெல்லாம் அடிப்பாறையில் உளிவைத்துத் துளை போடுவார்கள். ஷிப்ட் முடியும் சமயத்தில் துளைகளில் வெடிமருந்தைத் திணித்துத் திரியை வெளியே நீட்டிவிட்டு எல்லோரும் மேலே போய்விடுவார்கள். திரியைப் பற்ற வைக்க ஒருவர், மேலே இழுக்கும் இரும்புத் தொட்டியில் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவர், ஆக இரண்டே பேர் கீழே இருப்பார்கள். இந்தச் சோடியை மட்டும் உறவுக்காரர்களாகப் பார்த்துத்தான் மேஸ்திரி போடுவார். திரி சீறத் தொடங்கியதும் பயந்து, பற்ற வைத்தவனை விட்டுவிட்டு மணியடித்துவிடக் கூடாது அல்லவா. தங்கை புருஷனை விட்டுவிட்டு மேலே போனால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

பற்ற வைப்பவன் நான், மணியடிப்பவர் மச்சான்.

திரியைப் பற்ற வைக்க மெழுகுவத்தி சரிப்படாது. ஷாஃப்ட் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு விழுந்தால் வத்தி அவிந்துவிடும். அதற்குத் தப்பினாலும் முதல் திரி சீறுகிற சீற்றத்தில் அணைந்துவிடும். அதனால் இந்த வேலைக்கென்று மேஸ்திரி தினமும் ஒரு தடித்த சுருட்டு கொடுப்பார். வெடிச்சுருட்டு என்று அதற்குப் பெயர். அதை வாயில் வைத்து இழுத்து நுனியைச் செக்கச்செவேலென்று கனிய வைக்க வேண்டும். பிளந்து வைத்த திரியின் வாயில் அதை அழுத்தினால் உஸ்ஸென்று பிடித்துக்கொள்ளும். மறுபடி வாயில் வைத்து ஒரு இழுப்பு, அப்புறம் அடுத்த திரி. தொப்பியின் விளிம்புக்குக் கீழே வாயில் இருக்கிற நெருப்பின் மேல் சொட்டுத் தண்ணீர் படாது. எனக்கு அந்த வேலை கிடைத்ததே நல்ல சுருட்டுக் குடிகாரன் என்பதால்தான். மேஸ்திரி என்னை மற்றவர்களுக்குக் காட்டி, "அவன் வாயில நெருப்பு அணையாதுடா," என்பார். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாது.

அப்புறம் இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு படுக்கும்போதும். ஒருநாள் துப்பியதில் சிவப்பாக ஒரு நூல் கிடந்தது. நான் மண்ணைத் தள்ளி மூடுவதற்குள் என் மனைவி பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துரை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். கம்பவுண்டர் அதைத் தமிழில் நீட்டி முழக்கினார். சுருட்டை விடாவிட்டால் நுரையீரல் ஓட்டைச் சட்டி ஆகிவிடும், அடுத்த தீபாவளி பார்க்க மாட்டாய் என்றார். டாக்டர் அதையெல்லாம் சொல்லியிருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஷாஃப்டில் நாங்கள் மூச்சோடு விழுங்கிய கல்தூசியைப் பற்றி டாக்டரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தூசி வேலையோடு வருவது. சுருட்டு நானாகத் தேடிப் போவது. பழியைத் தூக்கிப் போட அதுதானே தோதான இடம்.

என் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டு வெளியே போய் ஒன்றைப் பற்ற வைத்திருப்பேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னைக் குளிக்கச் சொல்லி, தன் அண்ணனையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மாரியாத்தா கோயிலுக்கு நடந்தாள். கற்பூரத்தைக் கொளுத்தி, அதன்மேல் கையடித்து, இனிமேல் வாயில் சுருட்டு வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னாள். நான் கையைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது.

"அப்ப வேலைக்கு இன்னா பண்ணுவீங்க?"

பூசாரி கற்பூரம் அணைகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான்தான் வழி சொன்னார்.

"ஆசைக்கு வெக்கிறது வேற, வேலைக்கு வெக்கிறது வேற. உளி, சம்மட்டி மாதிரி வெடிச்சுருட்டும் ஒரு சாமான். ஆத்தாளுக்கு அது தெரியாதா? அத விட்டுட்டு மத்ததுக்கு சத்தியம் பண்ணு மாப்ள."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பூசாரிகூடத் தலையாட்டினார். வெடிச்சுருட்டு நீங்கலாக என்று சொல்லிக் கற்பூரத்தில் அடித்தேன். உள்ளங்கை சுட்டது. திரும்பி வரும்போது மூன்று பேருக்கும் மனம் லேசாக இருந்தது. திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. சுரங்கத்தில் வேலை செய்யாத எவனும் இப்படி ஒரு சத்தியத்தை யோசித்திருக்க மாட்டான்.

அன்று சாயங்காலமே நரகம் தொடங்கியது. எங்கள் வீடுகள் மூங்கில் தட்டியால் ஆனவை. பக்கத்து வீட்டில் பேசுவது மட்டுமல்ல, பெருமூச்சு விடுவதும் கேட்கும். புகைக்கு அங்கே சுவர் ஏது? இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அணைத்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பற்ற வைப்பார். தட்டிச் சந்துகளில் புகை நூல் நூலாக வந்து என் மூக்கைத் தேடும். எழுந்து சுரங்கக் கழிவு மண்மேட்டுப் பக்கம் போய்விடலாம் என்று போனால், ஒதுங்க வருகிறவன் ஒவ்வொருவனும் வாயில் சுருட்டோடுதான் வந்து குந்துகிறான். தங்கவயல் முழுக்க ஒரே சுருட்டுக்குள் இருப்பதாகவும் அதற்குள் என்னை வைத்து மூடிவிட்டதாகவும் எனக்குத் தோன்றியது.

சுக்கைக் கடித்தேன். புளியங்கொட்டையை வறுத்து மென்றேன். வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தது, எதைக் கொடுத்தாலும் இது இல்லை இது இல்லை என்றது. காரணமில்லாமல் கோபம் வரும். களியில் உப்புக் குறைவென்று ஒருநாள் தட்டை விட்டெறிந்தேன். என் மனைவி சிந்தியதை வழித்து எடுத்துக்கொண்டே, "சுருட்டு இன்னா இன்னா பேசுதோ பேசட்டும். நான் உங்ககிட்ட அப்பால பேசிக்கிறன்," என்றாள். அவளுடைய பொறுமைதான் எனக்கு அதைவிடக் கோபம் தந்தது.

ஆனால் வீட்டில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைப் பக்கம் போவதில்லை. யார் நீட்டினாலும் வாங்குவதில்லை. இருமல்கூடக் கொஞ்சம் தணிந்தது. என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஆத்தாளின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாதது ஷாஃப்டுக்கு அடியில் நடந்தது. ஷிப்ட் தொடங்கியதிலிருந்து நான் அந்த ஒரு சுருட்டுக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருப்பேன். சம்மட்டி அடிக்கும்போதும் அதே நினைவு. மற்றவர்கள் மேலே போவதற்குள் நான் சுருட்டைப் பற்ற வைத்துவிடுவேன். நன்றாகக் கனியவில்லை, இன்னும் ஒரு இழுப்பு, திரி ஈரமாக இருக்கிறது, இன்னும் ஒரு இழுப்பு. அந்தப் புகை இறங்கும்போது நாள் முழுவதும் நெஞ்சுக்குள் பிராண்டிக்கொண்டிருந்தது அப்படியே படுத்துவிடும். உடம்பு தளர்ந்து கண்ணில் தண்ணீர் வரும். முன்பு நாளெல்லாம் குடித்தபோது ஒரு சுருட்டிலும் அந்தச் சுகம் இருந்ததில்லை.

அதன் பிறகு கடைசித் திரியையும் பற்ற வைத்துவிட்டு நிற்கத் தொடங்கினேன். எல்லாத் திரியும் சீறிக்கொண்டிருக்கும். கால் தொட்டியை நோக்கிப் போக வேண்டும். சுருட்டில் இன்னும் மிச்சம் இருக்கும். மேலே போனால் அதைத் தூக்கி எறிய வேண்டும், சத்தியம் அப்படி. அதனால் இன்னும் ஒரே ஒரு இழுப்பு.

"மாப்ள, ஏறு."

"இதோ."

"ஏறு மாப்ள."

"வரேன் மச்சான், அணைஞ்சிடப் போவுது, இருங்க."

எது அணைந்துவிடும் என்று சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தபோது மண்டையில் சுரீரென்று வலித்தது. மச்சான் தொட்டியிலிருந்து எட்டி என் குடுமியைப் பிடித்து, கோழியைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டார். மணியடித்தார். பாதி வழி ஏறுவதற்குள் கீழே அதிர்ந்தது. புகையும் கல்பொடியும் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தன. தொட்டியின் அடியில் கற்கள் டங் டங்கென்று மோதின.

மேலே வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் என் குடுமியை விட்டார்.

"என் தங்கச்சிக்குக் கோடி போட நான் வரல மாப்ள," என்றார்.

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்து போடுகிற சேலைதான் கோடி. வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வெடிமருந்தின் தலைமாட்டில் ஒரு இழுப்புக்காக நின்றேன் என்பதை நினைக்க நினைக்க உடம்பு பதறியது. அதைவிட மோசம், நாளைக்கும் நிற்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பற்ற வைக்கும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தேன். விருப்பமில்லாதவன் பக்கத்துக் கிராமமான பூதிகோட்டைக்குப் போய்க் கேழ்வரகு நாற்று நடலாம், வழியில் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பஜாரில் சுருட்டுக் கடைக்கு வெளியே தேங்காய் நார்க்கயிறு ஒன்று தொங்கும். நுனி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். வாங்குகிறவர்கள் அதில் பற்ற வைத்துக்கொள்வார்கள். கயிற்றுக்கு வாய் வேண்டாம், இழுப்பு வேண்டாம். ஊதினால் போதும். நார்க்கயிற்றை அடுப்பின் மேல் கட்டி நன்றாகக் காயவைத்து, தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேஸ்திரி கொடுக்கும் வெடிச்சுருட்டை வாங்கிய கையோடு மச்சானிடம் கொடுத்துவிடுவேன். அவர் ஏதோ செத்த எலியைத் தொடுவதுபோல் வாங்கித் தொப்பிக்குள் செருகிக்கொள்வார். மேலே வந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவார். சில நாட்கள் நன்றாகவே நடந்தது. அந்தச் சில நாட்களில்தான் நான் உண்மையாகவே சுருட்டை விட்டவன். நெஞ்சு பிராண்டியது, ஆனாலும் நடுவில் கொஞ்ச நேரம் மறந்திருக்கவும் முடிந்தது.

மழைக்காலம் வந்தது. ஷாஃப்டில் சொட்டு சொட்டாக விழுந்த தண்ணீர் சரம் சரமாக விழுந்தது. ஒருநாள் பாதித் திரிகளைப் பற்ற வைத்திருப்பேன், கயிறு உஸ்ஸென்று அடங்கிவிட்டது. ஊதினேன். கருப்பாகப் புகைந்து செத்துவிட்டது. தொப்பியில் இருந்த வத்தியும் அணைந்துபோனது. மடியில் இருந்த தீப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது. பற்றிய திரிகள் மட்டும் இருட்டில் சீறிக்கொண்டிருந்தன.

அப்படியே விட்டுவிட்டு ஏறிவிடலாம். ஆனால் வெடித்ததும் வெடிக்காததும் கலந்து கல்குவியலுக்கு அடியில் கிடந்தால், அடுத்த ஷிப்ட்டில் இறங்குகிறவன் உளியை எதன் தலையில் வைப்பான் என்று யாருக்குத் தெரியும்? அப்படி வைத்துப் போனவர்களை நாங்கள் சாக்கில் அள்ளியிருக்கிறோம். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றேன். ஏறவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அப்போது சுருட்டு வாசனை வந்தது. தொட்டியில் நின்ற மச்சானின் வத்தி மட்டும் அணையாமல் இருந்தது. அதில் வெடிச்சுருட்டைப் பற்ற வைத்து, வாயில் கவ்விக்கொண்டு கீழே குதித்தார். குமட்டலும் இருமலுமாக, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஒழுக, இழுத்து இழுத்து மிச்சத் திரிகளை ஒவ்வொன்றாகப் பற்ற வைத்தார். என்னைத் தொட்டிக்குள் தள்ளித் தானும் ஏறி மணியடித்தார். கீழே வெடித்தபோது அவர் தொட்டிக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

லைனே சிரித்தது. மலை மாதிரி ஆளை ஒரு சுருட்டு சாய்த்துவிட்டதென்று ஆளுக்கு ஆள் நடித்துக் காட்டினார்கள். என் மனைவியும் சிரித்துக்கொண்டே அண்ணனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"நாளையிலிருந்து நான் வெக்கிறன், நீ மணி அடி. உன் வாய்க்கு அது ஆவாது."

"உங்களுக்கு மட்டும் ஆவுமா மச்சான்?"

"எனக்கு அதக் கண்டாலே கொமட்டுது. எனக்கு இன்னா பயம்?"

எங்களுக்கு அது மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது. சுருட்டின் வாசனைக்கே ஓடுகிற மனிதரைச் சுருட்டு என்ன செய்துவிடும்? எனக்கு வந்த நிம்மதியில் வேறு எதையும் நினைத்துப் பார்க்கவில்லை. மேஸ்திரிக்கும் ஆட்சேபம் இல்லை, யார் வாயாக இருந்தால் அவருக்கு என்ன.

முதலில் தினமும் வாந்தி எடுத்தார். பிறகு காறித் துப்புவதோடு நின்றது. பிறகு அதுவும் நின்றது. கொஞ்ச நாள் கழித்து, தொட்டியில் இறங்கும்போதே சுருட்டைப் பற்ற வைக்கத் தொடங்கினார். மேலே வந்ததும் மிச்சத்தை எறிந்தவர், அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். நான் மணிக்கயிற்றைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன், மூக்கால் தொடர்ந்து போனேன். குறுகலான அந்தத் தொட்டியில் அவர் விட்ட புகை என் முகத்தில்தான் வந்து விழும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். சத்தியத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாரில் அவரைக் கடைக்கு வெளியே பார்த்தேன். நார்க்கயிற்றின் பக்கம் குனிந்து, கன்னம் ஒட்ட ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நிமிர்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. அந்த மூடிய கண்ணை எனக்குத் தெரியும். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தார்.

"பல்லு வலி மாப்ள. பொகை பட்டா கேக்குதுன்னு சொன்னாங்க."

பல்வலி என்று சொல்லித்தான் நானும் என் தகப்பனாரை ஏமாற்றினேன். சுருட்டுக்குள் நுழைகிறவன் எவனும் அந்த வாசற்படியில் தலையை இடித்துக்கொண்டுதான் நுழைகிறான். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. இரண்டு பேரும் கேழ்வரகு என்ன விலை என்று பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

என் உடம்பு தேறியது. ஒரு உருண்டை களி தின்றவன் இரண்டு உருண்டை தின்றேன். அவர் இளைத்தார். இருமல் என் வீட்டிலிருந்து கிளம்பி நாலு தட்டி தள்ளி அவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. என் மனைவி இரண்டு இருமலையும் கேட்டவள். ஒருநாள் அடுப்பைப் பார்த்தபடியே, "உங்களுக்கு வேண்டிக்கினப்போ எங்க அண்ணனையும் சேத்து வேண்டிக்கினு இருக்கணும்," என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் தொட்டியில் இறங்கும்போது நான் கையை நீட்டினேன்.

"குடுங்க மச்சான். இனிமே நான் வெக்கிறன்."

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்காகக் கேக்கிறியா, உனக்காகக் கேக்கிறியா?"

அவருக்காகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் எச்சில் ஊறியிருந்தது. விழுங்காமல் பேச முடியவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார். சிரித்துவிட்டு, இருமிவிட்டு, சுருட்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் நான் பலமுறை கேட்டேன். எந்தத் தடவை யாருக்காகக் கேட்டேன் என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் ஆகாது.

அதே ஆஸ்பத்திரி, அதே கம்பவுண்டர், அதே தீபாவளிப் பேச்சு. என் மனைவி அவரையும் கோயிலுக்குக் கூப்பிட்டாள். அவர் வர மறுத்துவிட்டார். "ஆத்தாகிட்ட போயி பொய் சொல்றதுக்கா? உன் வீட்டுக்காரர் சொன்னதே போதும்," என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் வேலையை விட்டு நின்றதும் மேஸ்திரி வேறு ஒரு சோடியைப் போட்டார். என்னைத் துளை போடுகிறவர்களோடு சேர்த்தார். என் கையைவிட்டு மணிக்கயிறும் போய்விட்டது.

அவருக்குப் பெண்டாட்டி முன்பே இறந்துவிட்டதால் கடைசியில் எங்கள் வீட்டில்தான் கிடந்தார். கிடந்தார் என்று சொல்வது தப்பு. படுத்தால் மூச்சு வராது. நாளெல்லாம் தட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே இருப்பார். பாறை உடைத்த தோளில் எலும்பு இரண்டும் கொம்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. பேச்சு போய்விட்டது. ஒரு மத்தியானம் இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோய்க் காட்டினார். நான் புரியாதவன்போல் தண்ணீரைக் கொடுத்தேன். தண்ணீரைத் தள்ளிவிட்டு மறுபடி அதே இரண்டு விரல்.

"வேணாம் மச்சான்," என்றேன்.

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து அண்ணனைப் பார்த்தாள். நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு சுருட்டு இருந்தது. அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்து நுனியைக் காட்டி, அவர் உதட்டில் வைத்தாள். அவர் இழுத்துப் பார்த்தார். கன்னம் அசைந்தது, மூச்சு வரவில்லை. சுருட்டு அணைந்துவிட்டது. மறுபடி பற்ற வைத்தாள், மறுபடி அணைந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது அழுகையா, முயற்சி பண்ணியதால் வந்ததா என்று தெரியவில்லை.

அவள் சுருட்டைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். கற்பூரத்தில் என்னைக் கையடிக்க வைத்தவள், புகை பட்ட வேட்டியைத் தனியாகத் துவைக்கிறவள், கொள்ளியை நுனியில் பிடித்து இழுத்தாள். இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். நுனி செக்கச்செவேலென்று கனிந்ததும் எடுத்து அண்ணனின் வாயில் வைத்தாள். அவருக்கு இழுக்க முடியாதபோதெல்லாம் தானே இழுத்துக் கொடுத்தாள். தானாகக் கசிந்த புகையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. முகம் தளர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மனிதர் யாருக்காக அதை முதலில் வாயில் வைத்தார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் புகை என் பக்கம் திரும்பியதும் என் வாய் தானாகத் திறந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். சுருட்டை அண்ணனின் உதட்டில் பிடித்தபடியே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க எந்திரிச்சி வெளிய போங்க," என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை.